காளான் வந்ததால் மரம் விழுந்ததா, மரம் விழுந்ததால் காளான் வந்ததா?

காட்டுப் பாதையில் நடந்தபோது பெரிய மரம் ஒன்று ஆளுயரத்தில் முறிந்து கிடந்ததாகவும், தண்டு முழுக்கத் தட்டுத் தட்டாகக் காளான்கள் அடுக்கியிருந்ததாகவும், கையால் பிய்த்தபோது கட்டை வெளிறிய நாராக உரிந்து வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேலிருந்து எடுத்த ஒரு படத்தையும் இணைத்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காளான்தான் மரத்தைக் கொன்றதா? பக்கத்தில் நிற்கும் மரங்களுக்கும் இது பரவுமா? அப்படியே விட்டுவைக்காமல் அகற்றிவிடுவது நல்லதில்லையா? மூன்றையும் சேர்த்துப் படித்தால் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: முன்னால் வந்தது எது, மரத்தின் சாவா, காளானா? அது தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். நல்ல கேள்வி. இதைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுபவர்கள்தான் அதிகம்.

நான் மர நோயியல் படித்தவன். பத்தொன்பது ஆண்டுகளாக விழுந்த மரங்களையும், விழுந்துவிடுமோ என்று பிறர் அஞ்சும் மரங்களையும் பார்த்து அறிக்கை எழுதுவதே என் வேலை. இருந்தும், நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துக் காளானின் பெயரை நான் சொல்ல மாட்டேன். தட்டுக் காளான்களை இனம் பிரிக்க மேல்பக்கம் போதாது. அடிப்பக்கத்தில் இருப்பவை நுண்துளைகளா, செவுள்களா, முட்களா என்று பார்க்க வேண்டும்; சதையின் நிறத்தைப் பார்க்க வேண்டும்; வித்துத்தூளை நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சில இனங்களை மரபணு வரிசையைப் படித்துத்தான் பிரிக்க முடிகிறது. மேல்பக்கப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயரை அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் பெயர் தெரியாமலேயே உங்கள் கேள்வியில் வெகுதூரம் போகலாம். நடந்த கதையின் பெரும்பகுதி அந்தக் கட்டையிலேயே பதிந்திருக்கிறது.

முதலில், நீங்கள் பார்த்த தட்டுகள் பூஞ்சையின் முழு உடல் அல்ல. அவை அதன் காய்ப்பு. உடல் கட்டைக்குள் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இருநூறு, முந்நூறு கூறுகளாக்கினால் எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ, அந்தத் தடிமனில் கோடிக்கணக்கான இழைகள் மரத்தின் உயிரணுக்களுக்குள் புகுந்து, சுவர்களைத் துளைத்து, அடுத்த அறைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. தட்டு வெளியே தலைகாட்டும் நாளில் உள்ளே வேலை மாதக்கணக்கில், பெரிய தட்டுகளானால் ஆண்டுக்கணக்கில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே காளான் கண்ணில் பட்ட நாளைப் பூஞ்சை வந்த நாள் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிஞர்கள் பலரும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். மரம் தானாகவே அழுகுகிறது, அந்த அழுகலிலிருந்து காளான் பிறக்கிறது என்பதே அன்று பரவலாக இருந்த எண்ணம். 1870களில் ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஹார்டிக் அதைத் தலைகீழாக்கினார். அழுகிய மரத்தை நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே இருக்கும் இழைகளும் வெளியே இருக்கும் காளானும் ஒரே உயிர்தான் என்று காட்டினார். ஒவ்வொரு பூஞ்சையும் தனக்கே உரிய விதத்தில் மரத்தைச் சிதைக்கிறது என்பதையும் பதிவு செய்தார். அன்றிலிருந்து ஒன்று உறுதி: பூஞ்சை இருப்பதால்தான் மரம் இப்படி அழுகுகிறது. ஆனால் அழுகுவது வேறு, சாவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் இன்றைய குழப்பம் முழுவதும் இருக்கிறது.

உயிருள்ள மரத்தின் தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் கருத்த வைரம் இருக்கும், சுற்றிலும் வெளிர்ந்த வளையம் இருக்கும். எல்லா மரங்களிலும் இந்த நிற வேறுபாடு தெளிவாகத் தெரியாது, பலவற்றில் தெரியும். வேரிலிருந்து நீர் ஏறுவது வெளி வளையத்தின் வழியாகத்தான். அது நனைந்த பஞ்சு போல் நீர் நிறைந்தது. காற்றுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அதனால் சிதைக்க முடியாது. நீரில் முழுக்க ஊறிக் கிடந்தால் மூச்சு முட்டும். உயிரோடிருக்கும் மரம் தன் வெளி வளையத்தை அந்த மூச்சுமுட்டும் நிலையில் வைத்திருப்பதே அதன் பெரிய காவல்.

இப்போது முக்கியமான செய்தி. அந்த நீர் நிறைந்த பகுதிக்குள்ளும் பூஞ்சைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிரிட்டனில் லின் பாடி, ஆலன் ரேனர் ஆகியோர் 1980களில் ஓக், பீச் போன்ற மரங்களின் கிளைகளில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. நோயின் சுவடே இல்லாத கிளைகளிலும் அங்கங்கே சிறு திட்டுகளாகப் பூஞ்சை ஒடுங்கிக் கிடக்கிறது. வளர்வதில்லை, தீங்கு செய்வதில்லை. கிளை முறிந்தாலோ வறட்சியில் காய்ந்தாலோ நீர் வடிகிறது, காற்று புகுகிறது, பூஞ்சை விழித்துக்கொள்கிறது. சிதறிக் கிடந்த திட்டுகள் ஒரே பருவத்தில் நீண்ட தூண்களாகப் பெருகிவிடுகின்றன. புதிதாக விழுந்த மரத்தில் சில மாதங்களுக்குள் வரிசையாகக் காளான் தோன்றினால், வெளியிலிருந்து படையெடுத்து வந்ததாகத் தோன்றும். அவற்றில் பல, மரம் பச்சையாக நின்றபோதே உள்ளே குடியிருந்தவை. அப்படியானால் முன்னால் வந்தது காளான்தான், ஆனால் கொன்றது அது அல்ல.

வைரத்தின் கதை வேறு. வைரம் என்பது மரம் உயிரோடிருக்கும்போதே இறந்துவிட்ட பகுதி. அதில் படிந்திருக்கும் ரசாயனங்களே அதன் காவல். தேக்கின் வைரம் நெடுங்காலம் நிற்பது அதனால்தான். ஆனால் அந்தக் காவலைத் தாண்டப் பழகிய பூஞ்சைகள் சில உண்டு. பெரிய கிளை ஒடிந்த புண் வழியாகவோ வேர் அடிபட்ட இடம் வழியாகவோ அவை உள்ளே போய், பல பத்தாண்டுகளில் மரத்தின் நடுவைப் பொந்தாக்கும். மரம் அதனால் சாவதில்லை. நீரும் உணவும் போகும் வழி வெளிப்பகுதியில் இருப்பதால், நடுவில் பொக்கையாகிப் போன மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் பூத்துக் காய்த்து நிற்கின்றன. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரம் புண்ணை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். 1970களில் அவர் வகுத்துச் சொன்ன அந்தக் கருத்தின் சில நுணுக்கங்களில் இன்றும் வாதம் உண்டு. அடிப்படையை யாரும் மறுப்பதில்லை.

நடு பொக்கையான மரம் சாகாது, ஆனால் ஒரு பெருங்காற்றில் முறியலாம். வெளிச்சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தால் மரம் பத்திரம் என்பதற்கு ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்ற கைக்கணக்கு ஒன்று எங்கள் தொழிலில் புழங்குகிறது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரத்தின் உயரம், கிளைப் பரப்பு, சுவரில் திறப்பு இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்தே முடிவு செய்யும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அடியில் ஒற்றைத் தட்டுக் காளான் இருந்த ஒரு மரத்தை அபாயம் என்று எழுதிக்கொடுத்து வெட்ட வைத்தேன். வெட்டிய பிறகு பார்த்தால் நடுவில் என் உள்ளங்கை அளவுக்குத்தான் அழுகல். சுற்றிலும் கெட்டியான மரம். இன்னும் எத்தனையோ ஆண்டுகள் நின்றிருக்கும். அந்த அடிக்கட்டையின் முன்னால் நின்றது இன்றும் மனத்தை அழுத்துகிறது. காளானைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதக் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். நின்றபோதே காளான் இருந்ததா, விழுந்த பின் வந்ததா என்பதைச் சொல்ல ஓர் அருமையான சாட்சி உண்டு: தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. தட்டுக் காளானின் அடிப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் செங்குத்தாகத் தரையை நோக்கி இருக்கும். வித்து குழாயின் சுவரிலிருந்து பிரிந்து, எதிலும் படாமல் நேர்கீழாக விழுந்து, காற்றில் கலக்க வேண்டும். குழாய் சற்றுச் சாய்ந்தாலும் வித்துகள் சுவரில் ஒட்டி வீணாகும். அதனால் பூஞ்சை புவியீர்ப்பை மிகத் துல்லியமாக உணர்ந்து தட்டைக் கிடைமட்டமாக வளர்க்கிறது. நிற்கும் மரத்தில் வளர்ந்த தட்டு தண்டுக்குக் குறுக்கே, அலமாரிப் பலகை போல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மரம் விழுந்துவிட்டால் அதே தட்டு இப்போது செங்குத்தாக, ஒருக்களித்து நிற்கும். கிடக்கும் கட்டையில் ஒருக்களித்த தட்டைப் பார்த்தால், மரம் நின்றபோதே அது வளர்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அப்போது மரம் உயிரோடு நின்றதா, பட்டுப்போய் நின்றதா என்பதை மட்டும் தட்டு சொல்லாது. கிடக்கும் கட்டையில் தட்டுகள் தரைக்கு இணையாக இருந்தால் அவை விழுந்த பின் வளர்ந்தவை.

இன்னும் நுட்பமான சாட்சியும் உண்டு. கானோடெர்மா போன்ற சில காளான்கள் பல ஆண்டு வாழ்பவை; ஆண்டுதோறும் அடியில் புதிய குழாய் அடுக்கைச் சேர்க்கின்றன. மரம் விழும்போது அவை சாகாவிட்டால், ஒருக்களித்துப் போன பழைய தட்டின் விளிம்பிலிருந்து புதிய வளர்ச்சி செங்கோணமாகத் திரும்பிக் கிடைமட்டமாகப் போகும். பழைய தட்டும் புதிய தட்டும் சேர்ந்து படிக்கட்டு போல் இருக்கும். திரும்பிய பகுதியை வெட்டி அடுக்குகளை எண்ணினால், மரம் விழுந்து ஏறத்தாழ எத்தனை ஆண்டு ஆயிற்று என்றுகூடச் சொல்லிவிடலாம். முதன்முதலில் இதைக் கண்ணால் பார்த்த நாளில் நான் அந்தக் கட்டையை விட்டு நகரவே இல்லை.

அடுத்து, ஆளுயரத்தில் முறிந்தது என்றீர்களே, நிற்கும் அடிக்கட்டையைப் பாருங்கள். முறிந்த இடத்தில் நீளமான கூர்ச் சிம்புகள் இருந்தால் அந்த இடம் நல்ல மரம். காற்றோ வேறொரு மரம் மேலே விழுந்ததோ முறித்திருக்கும். நடு பொக்கையாகவோ மெத்தென்றோ இருந்து, சுற்று வளையம் மட்டும் கெட்டியாக இருந்தால், பல ஆண்டு வைர அழுகல் மரத்தை வலுவிழக்கச் செய்திருக்கிறது. நேர்மாறாக வெளிவளையம் மட்டும் நைந்து நடு கெட்டியாக இருந்தால், பெரும்பாலும் மரம் பட்ட பிறகு வெளியிலிருந்து தொடங்கிய அழுகல். இந்தச் சாட்சிகள் எப்போதும் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பதில்லை. கிடந்து பத்து ஆண்டு ஆன கட்டையில் எல்லாம் கலந்துவிடும். அப்போது தெரியாது என்று சொல்லிவிடுவதே நேர்மை.

கட்டை வெளிறி நார் நாராக உரிந்தது என்று எழுதியது மிக உபயோகமான குறிப்பு. மரம் பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது. நாராக அமைந்து இழுவிசையைத் தாங்கும் செல்லுலோஸ் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதோடு பின்னியிருக்கும் ஹெமிசெல்லுலோஸ். இவற்றின் இடையே காரைபோல் இறுகி நிற்கும் லிக்னின், மரத்தைப் பொறுத்துக் கால் பங்கு அளவில். லிக்னின் ஒழுங்கான சங்கிலியாக இல்லாமல் தாறுமாறாகப் பிணைந்த மூலக்கூறு. அதை உடைப்பது எளிதன்று. அதை முழுமையாக உடைக்க வல்லவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். பழுப்பு நிற லிக்னின் போய்விடுவதால் எஞ்சும் மரம் வெளிறி, நைந்து, நாராகிறது. உங்கள் கட்டையில் நடந்திருப்பது அதுதான் என்று ஓரளவு துணிந்து சொல்வேன். 1983இல் இந்தப் பூஞ்சைகளிலிருந்து லிக்னினை உடைக்கும் நொதியம் ஒன்றை முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். வியப்பு என்னவென்றால், லிக்னினைத் தின்று பூஞ்சை பிழைப்பதில்லை. அதை மட்டும் கொடுத்தால் வளராது. உள்ளே பூட்டிக் கிடக்கும் செல்லுலோஸை எடுப்பதற்காக அந்தக் காரையை இடிக்கிறது.

இன்னொரு கூட்டம் இடிக்காமலே உள்ளே புகுந்துவிடுகிறது. இவை பழுப்பு அழுகல் பூஞ்சைகள். எண்ணிக்கையில் குறைவு, ஊசியிலை மரங்களில் அதிகம். இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினைபுரியச் செய்து, மிகக் கடுமையான ஹைட்ராக்சில் துணுக்குகளை உண்டாக்குகின்றன. நொதியங்கள் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமான சுவருக்குள் இந்தத் துணுக்குகள் புகுந்து செல்லுலோஸ் சங்கிலிகளை நறுக்குகின்றன. லிக்னின் உருமாறினாலும் பெருமளவு அப்படியே நின்றுவிடுவதால், கட்டை செம்பழுப்பாகிக் கனசதுரத் துண்டுகளாக வெடிக்கும். விரலால் நசுக்கினால் பொடியாகும். இதில் அபாயம் என்னவென்றால், எடையில் பத்து சதவீதம்கூடக் குறையாத கட்டத்திலேயே மரத்தின் வலு பாதிக்கு மேல் போய்விடலாம். பார்வைக்கு நன்றாக இருக்கும் மரம் திடீரென ஒடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு கிலோ செல்லுலோஸ் முழுதாகச் சிதைந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ கரியமில வாயுவும் அரை கிலோவுக்குச் சற்று மேலான நீரும் கிடைக்கின்றன. எடை கூடுவதற்குக் காரணம் காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன். அதாவது மரம் மண்ணாவதை விடப் பெருமளவு காற்றாகவே போகிறது. அந்த நீர் பூஞ்சைக்குத் தன் இருப்பிடத்தை ஈரமாக வைத்துக்கொள்ள உதவுகிறது. மழையே இல்லாத நாளிலும் இளம் தட்டுகளின் விளிம்பில் கண்ணீர்த் துளிபோல் நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பூஞ்சையே வெளியேற்றும் நீர்.

மரத்தில் கரி (கார்பன்) ஏராளம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகமிகக் குறைவு. நூற்றுக்கணக்கான பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற கணக்கில்தான் இருக்கும். இந்தப் பஞ்சத்தைப் பூஞ்சைகள் பலவிதமாகச் சமாளிக்கின்றன. சிப்பிக் காளானின் இழைகள் கட்டையில் நெளியும் நுண்ணிய நூற்புழுக்களை நச்சால் முடக்கி, உடலுக்குள் புகுந்து உறிஞ்சிவிடுகின்றன. 1980களில் இதைக் கண்டறிந்தார்கள். வேறு சில, இழைகளைக் கயிறாகத் திரித்து மண்ணுக்குள் அனுப்பி, அடுத்த கட்டையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து சத்தை இங்கே கொண்டுவருகின்றன. சருகை விலக்கினால் வெள்ளை நூல்களாகக் கட்டைக்குக் கட்டை ஓடுவது அதுதான்.

அழுகிய கட்டையை அறுத்தால் தேசப்படம் போல மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். அவை உண்மையாகவே எல்லைக் கோடுகள். ஒரு கட்டைக்குள் பல பூஞ்சைகள் இருக்கும். ஒரே இனத்திலும் பல தனியாட்கள் இருப்பார்கள். இருவர் சந்திக்கும் இடத்தில் மெலனின் நிறைந்த சுவர் எழும்புகிறது. சில இடங்களில் போர் சமநிலையில் நின்றுவிடும்; சில இடங்களில் ஒன்று மற்றொன்றைக் கொன்று அதன் நிலத்தை எடுத்துக்கொள்ளும். முதலில் வருபவை வெயிலையும் காய்ச்சலையும் தாங்கும் சிறு காளான்கள். விசிறி போன்ற, செவுள் பிளந்த ஷைஸோபில்லம் அப்படிப்பட்டது. காய்ந்தால் சுருட்டி மூடிக்கொள்ளும், மழை பட்டதும் விரிந்து வித்து உதிர்க்கும். பின்னர் வண்ண வளையங்கள் கொண்ட டிராமெட்டிஸ், கறுப்பு விரல் போன்ற சைலேரியா, கடைசியில் மண்ணிலிருந்து கயிறு விட்டு வரும் பலசாலிகள். இந்த வரிசை பொதுவான போக்குதான். யார் முதலில் இடம் பிடித்தார் என்பதைப் பொறுத்துப் பின்னால் யார் வருவார் என்பது மாறுகிறது; ஒரே காட்டில் அருகருகே கிடக்கும் இரண்டு கட்டைகள்கூட வேறு வேறு கதை சொல்கின்றன.

பக்கத்து மரங்களுக்குப் பரவுமா என்ற இரண்டாவது கேள்வி. கானோடெர்மாவின் பெரிய தட்டு ஒன்று பருவத்தில் நாளொன்றுக்குச் சுமார் 3,000 கோடி வித்துகளை உதிர்க்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கணக்கிட்டார்கள். அந்தக் கட்டையை நீங்கள் அகற்றினாலும் காட்டின் காற்றில் வித்து குறையப் போவதில்லை. வித்து வந்து விழுவதால் நல்ல மரம் நோயுறுவதுமில்லை. புண் வேண்டும், பலவீனம் வேண்டும். விழுந்த கட்டையில் பார்க்கும் காளான்களில் மிகப் பெரும்பாலானவை நிற்கும் நல்ல மரத்தை எதுவும் செய்வதில்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. ஆர்மில்லேரியா இனங்களில் சில பட்ட மரத்தில் வேரூன்றி, கறுப்புக் கயிறுகளாக மண்ணில் ஊர்ந்து, உயிருள்ள மரங்களின் வேரைத் தாக்கிக் கொல்லும். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் மால்ஹூர் தேசிய வனத்தில் இதன் ஒரே ஆள் 965 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. வயது 1,900 முதல் 8,650 ஆண்டுகளுக்குள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்த இடைவெளியின் அகலமே அது எவ்வளவு தோராயம் என்பதைச் சொல்லும். ஹெட்டரோபேசிடியான் என்ற இன்னொன்று, புதிதாக வெட்டிய ஊசியிலை மரத்தின் அடிக்கட்டையில் இறங்கி, வேரோடு வேர் தொடும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும். இதற்கு இங்கிலாந்தில் ஜான் ரிஷ்பெத் கண்ட மருந்து எனக்கு மிகவும் பிடித்தது: வெட்டிய உடனே அடிக்கட்டையில் பிளெபியாப்சிஸ் என்ற மற்றொரு மரம் தின்னும் பூஞ்சையின் வித்தைத் தடவிவிடுவது. அது கட்டையை முதலில் பிடித்துக்கொள்வதால் கொல்லும் பூஞ்சைக்கு இடம் கிடைப்பதில்லை. பட்ட மரத்தைத் தின்னும் பூஞ்சை நிற்கும் மரத்துக்குக் காவலாகவும் இருக்க முடியும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் அந்தக் காவலும் போய்விடும். உங்கள் மரத்தைச் சுற்றி நான்கைந்து மரங்கள் ஒரே பக்கமாக நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தால், பட்டைக்கு அடியில் வெள்ளைத் தோல் போன்ற படலம் இருந்தால், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம்.

அகற்றலாமா என்ற மூன்றாவது கேள்விக்கு, காட்டுக்குள் என்றால் வேண்டாம் என்பதே என் பதில், அழுத்தமாகவே சொல்கிறேன். பின்லாந்தில் கணக்கெடுத்தபோது 4,000 முதல் 5,000 உயிரினங்கள், அதாவது அந்நாட்டுக் காட்டுயிர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை, பட்ட மரத்தை நம்பி வாழ்வதாகத் தெரிந்தது. பூஞ்சை மென்மையாக்கிய கட்டையில்தான் வண்டு முட்டையிடுகிறது, மரங்கொத்தி பொந்து குடைகிறது, பிறகு அதில் வேறு பறவைகள் குடிவருகின்றன. குளிர்ந்த ஊசியிலைக் காடுகளில் சில மரங்களின் நாற்றுகள் தரையை விடக் கிடக்கும் கட்டையின் மேல் நன்றாகப் பிழைக்கின்றன. கட்டை மக்கி மறைந்த பின்னும் மரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதை வைத்து, இங்கே ஒரு தாய்க்கட்டை கிடந்தது என்று கண்டுகொள்ளலாம். 2021இல் வெளியான ஆய்வு ஒன்று ஆறு கண்டங்களில் 55 இடங்களில் மரத்துண்டுகளைப் போட்டு அளந்து, உலகின் பட்ட மரங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,090 கோடி டன் கரி வெளியேறுகிறது என்றும், அதில் 93 சதவீதம் வெப்பமண்டலக் காடுகளில் என்றும் மதிப்பிட்டது. அதெல்லாம் காற்றுக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பகுதி மண்ணுக்கும் உயிர்களுக்கும் போகிறது. பிரித்துச் சொல்வது இன்னும் சர்ச்சைக்குரியது.

சர்ச்சை என்றதும் ஒன்று. உலகின் நிலக்கரி முழுவதும், லிக்னினை உடைக்கும் பூஞ்சை தோன்றாத காலத்தில் மரங்கள் மக்காமல் குவிந்ததால் உருவானது என்று எங்கும் உறுதியாக எழுதுகிறார்கள். 2012இல் 31 பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்கள், அந்த ஆற்றல் ஏறக்குறைய 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று கணித்தது உண்மை. காலம் பொருந்துவதால் கதை பிரபலமானது. 2016இல் வந்த மறுப்பு எனக்கு வலுவாகப் படுகிறது: அக்கால நிலக்கரித் தாவரங்கள் பலவற்றில் லிக்னின் குறைவு, பூஞ்சைகள் வந்த பிறகும் நிலக்கரி உருவாகிக்கொண்டே இருந்தது, ஈரமான தட்பவெப்பமும் தாழ்ந்துகொண்டே போன நிலப்பகுதிகளுமே போதிய விளக்கம். அழகான கதை என்பதற்காக அதை நிறுவப்பட்டது போல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாதையை அடைத்துக் கிடந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து ஓரமாக உருட்டிவிடச் சொல்லுங்கள், அங்கேயே மக்கட்டும். நிற்கும் அடிக்கட்டைக்கு அடியில் உட்காராதீர்கள்.

அடுத்த முறை அந்த வழியாகப் போனால் இரண்டு படங்கள் எடுத்து அனுப்புங்கள். ஒன்று, அடிக்கட்டையின் முறிந்த முகம், நடுவும் விளிம்பும் தெரியும்படி. இன்னொன்று, தட்டைப் பிய்க்காமல் கைப்பேசியை அதற்குக் கீழே தரையில் வைத்து மேல்நோக்கி எடுத்தது. பக்கத்தில் தண்டின் ஒரு துண்டும் படத்தில் விழட்டும். துளைகள் தரையைப் பார்க்கின்றனவா, பக்கவாட்டில் பார்க்கின்றனவா என்பது தெரிந்தால், அந்தத் தட்டு நின்ற மரத்தில் வளர்ந்ததா கிடந்த மரத்தில் வளர்ந்ததா என்று சொல்லிவிடுவேன்.